கெபிக்கோவில் படி வழுக்கும்

ஆகஸ்ட் 2

வந்து சேர்ந்தேன், மாதாவுக்குத் தோத்திரம். போர்தோ விமான நிலையத்தில் மாப்பிள்ளையே வந்து நின்றார். தங்கை புருஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் சவரிராயனுக்கு முதுகு வளையவில்லை. என் பெட்டிகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு, "என்னக்கா, முத்தியால்பேட்டையவே கட்டி எடுத்துக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று சிரித்தார். புளி, மிளகாய்த்தூள், கருவாடு. அதற்கு அடியில் என் பியூட்டி பார்லர் கத்தரிக்கோல், சவரக்கத்தி, கொஞ்சம் சந்தனம். அது எதற்கென்று அவரிடம் சொல்லவில்லை. ரொசலியிடம் முதலில் சொல்ல வேண்டும்.

ரொசலி காரை விட்டு இறங்கவில்லை. ஏழு வருஷம் கழித்து அக்கா வருகிறேன், ஓடி வந்து கட்டிக்கொள்ள வேண்டாமா? "தலைவலிக்கா" என்றாள். போனிலும் இதே பாட்டுதான். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. எப்படி இளைத்திருக்கிறாள்! முடி மட்டும் அப்படியே இருக்கிறது, பின்னல் இடுப்புக்குக் கீழே.

ஊர்ப் பெயர் என் வாயில் நுழையவில்லை. பெரிகோர் பக்கம் ஒரு கிராமம். எங்கு பார்த்தாலும் மஞ்சள் கல் வீடு, வால்நட் தோப்பு. பின்கட்டில் முயல் கூண்டு வைத்திருக்கிறார்கள். எனக்காக ஒன்றை வெளியே எடுத்தார் மாப்பிள்ளை. பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, பிடரியில் ஒரே அடி. முயல் ஒரு சத்தம் போடவில்லை.

"அடிக்கிற இடம் தெரிஞ்சா போதும்கா. சத்தமே வராது" என்றார்.

குழம்பு பிரமாதம். ரொசலிதான் சாப்பிடவில்லை. மாடிக்குப் போகும்போது மாப்பிள்ளை அவள் பின்னலைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறினார். பிள்ளை இல்லாவிட்டால் என்ன, இந்த வயதிலும் இவ்வளவு ஆசை! என் புருஷன் செத்துப் பத்து வருஷமாகிறது. உயிரோடு இருந்தபோதும் என் முடியை அவர் திரும்பிப் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 3

ரொசலியிடம் சொல்லிவிட்டேன். அவள் தலைவலி தீர்ந்தால் மொட்டை போடுவதாக வில்லியனூர் மாதாவுக்கு நேர்ந்திருக்கிறேன். இவளை ஊருக்கு அனுப்ப மாப்பிள்ளைக்கு வசதிப்படவில்லை. அதனால் இங்கேயே ஏதாவது மாதா கோவிலில் முடித்துவிடலாம் என்று கத்தியோடு வந்திருக்கிறேன். முடியை முதலில் கொடுத்துவிடுவோம், முன்பணமாக மாதா வைத்துக்கொள்ளட்டும், தலைவலியைப் பிறகு எடுக்கட்டும்.

ரொசலி வெளுத்துப்போனாள். "யாரக் கேட்டு நேந்த?"

"உன் தலைக்கு நேர உன்னக் கேக்கணுமாடி? உனக்குப் பேன் எடுத்து வளத்தவ நான்."

"அவருக்கு என் முடின்னா உசுரு. இந்தப் பேச்ச விடுக்கா."

சரி, எண்ணெயாவது வைத்துவிடுகிறேன் என்று தேங்காய் எண்ணெயோடு உட்கார்ந்தேன். தலையில் விரல் பட்டதும் விலுக்கென்று எழுந்து ஓடிவிட்டாள். முப்பது வருஷமாக ஊர்த் தலையெல்லாம் என் கையில்தான். சொந்தத் தங்கைக்கு நான் தொட்டால் கசக்கிறது. வெளிநாட்டுத் திமிர்!

ஆகஸ்ட் 4

குகைக்குப் போனோம். மாப்பிள்ளைதான் கார் ஓட்டினார், டிக்கெட் எடுத்தார், எனக்குக் குளிருமென்று தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். உள்ளே பாறையில் மாடும் குதிரையும் வரைந்திருக்கிறது. ஆதி காலத்து ஆட்கள் வரைந்ததாம். ஒரு காட்டெருமை, வயிற்றில் ஈட்டி பாய்ந்து குடல் தொங்க நிற்கிறது. என்னால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

வழிகாட்டிப் பையன் பிரெஞ்சில் சொன்னதை மாப்பிள்ளை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் ரொசலி, "இல்லக்கா, அவர் தப்பா சொல்றாரு. இது கர்ப்பமான குதிரையாம்" என்று சிரித்தாள். வந்ததிலிருந்து நான் பார்த்த முதல் சிரிப்பு. வழிகாட்டியும் சிரித்தான். மாப்பிள்ளையும் சிரித்தார்.

அப்புறம் வழிகாட்டி விளக்கை அணைத்தான். ஆதி மனிதன் பார்த்த இருட்டு எப்படி இருக்கும் என்று காட்டுகிறானாம். என் கை எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் மொத்தென்று ஒரு சத்தம், யாரோ மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். விளக்கு வந்தபோது ரொசலி சுவரோடு ஒட்டிக்கொண்டு உச்சந்தலையைப் பிடித்தபடி நின்றாள்.

"பாறையில இடிச்சுக்கிட்டா" என்றார் மாப்பிள்ளை.

பார்த்து நடக்கக் கூடாதா என்று அவளைத் திட்டினேன். அந்த இடத்தில் கூரை தாழ்வுதான். ஆனால் ரொசலி என்னைவிடக் குட்டை. எனக்கு இடிக்கவில்லை.

ஆகஸ்ட் 5

மழை. ரொசலிக்கு நாள் முழுக்கத் தலைவலி, படுக்கையை விட்டு எழவில்லை. ரசம் வைத்தேன். துணி காயவில்லை.

ஆகஸ்ட் 7

இன்று தோட்டம். மலைமேல் ஒரு பழைய மாளிகை, அதைச் சுற்றி ஆள் உயரத்துக்குப் புதர்ச்செடியைப் பந்தாகவும் அலையாகவும் வெட்டி விட்டிருக்கிறார்கள். ஒரு இலை தப்பி வெளியே நீட்டவில்லை. எத்தனை கத்தரிக்கோல் தேய்ந்திருக்கும்! கீழே ஆறு தெரிகிறது. மயில் கூட உண்டு.

மாப்பிள்ளை காபி வாங்கப் போன நேரத்தில் ரொசலி என்னைச் செடிச் சுவர்களுக்கு நடுவே இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, நான் உன்கூட வந்துடட்டுமா?"

"வாயேன். ஒரு மாசம் இருந்துட்டு வா."

"திரும்பி வரதுக்கு இல்ல. என் பாஸ்போர்ட் அவர்கிட்ட இருக்கு. துப்பாக்கி அலமாரியில வெச்சுப் பூட்டியிருக்காரு. நீ ஒண்ணும் கேக்காத. சத்தியமா கேக்காதக்கா. நானே எடுக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊர் ஏக்கம் பிடித்துக்கொண்டது இவளுக்கு. குழந்தையுமில்லை, பேச்சுத்துணையுமில்லை, பித்துப் பிடிக்காமல் என்ன செய்யும்? நல்ல மனுஷன், வாய்விட்டுக் கேட்டால் தரமாட்டாரா? திரும்பி வரும்போது காரில் நானே பேச்சை எடுத்தேன்.

"மாப்பிள்ள, இவ என்கூட வரணும்னு ஆசப்படறா. ஒரு ஆறு மாசம் அனுப்பி வைங்களேன். பாஸ்போர்ட் கூட உங்க அலமாரியிலதான் இருக்காமே."

"தாராளமா" என்றார். "ரொசலி, என்கிட்டயே கேட்டிருக்கலாமே நீ?"

ரொசலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.  பார், எவ்வளவு சுலபமாக முடித்துக் கொடுத்தேன், இதற்குப் போய் ரகசியம்.

ஆகஸ்ட் 8

குளியலறைத் தொட்டியில் முடி கிடந்தது. ஒரு கைப்பிடி.

சீப்பில் வருகிற முடி எனக்குத் தெரியும். காய்ச்சலுக்குப் பிறகு கொட்டுகிற முடியும் தெரியும், தைராய்டு முடியும் தெரியும். இது அது எதுவும் இல்லை. ஒவ்வொரு முடியின் நுனியிலும் வெள்ளை வேர். இரண்டு மூன்று இடத்தில் தோலும் சேர்ந்து வந்திருக்கிறது. அதில் இரத்தம்.

ரொசலி தலையில் இறுக்கமாகக் கட்டிய துணியோடு அடுப்படியில் நின்றாள். "தைராய்டுக்கா" என்றாள்.  மாப்பிள்ளை ரொட்டியில் வெண்ணெய் தடவி என் தட்டில் வைத்தார். "நல்லாத் தூங்கினீங்களாக்கா?" என்றார்.

நான் சொன்னதால்தான். கேட்காதே, கேட்காதே என்று சத்தியம் வாங்கினாளே, பாவி நான், காரில் உட்கார்ந்து கதை பேசினேனே!

ஆகஸ்ட் 9

இன்று எல்லாவற்றையும் என் கண்ணாலேயே பார்த்தேன்.

பூசை முடிந்து ஆற்றுப் பக்கம் போனோம். பாலத்துக்கு முன்னால் ஒரு குறுகலான தெரு. பின்னால் வந்த கார்க்காரன் இரண்டு தரம் ஹாரன் அடித்தான். சவரிராயன் காரை நிறுத்தினான். அவசரமே இல்லாமல் இறங்கினான். பின்னால் போய், திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கைவிட்டு அந்த இளைஞனின் தலைமுடியைப் பிடித்து, நெற்றியை ஸ்டியரிங்கில் மோதினான். ஒரு தரம் இல்லை. ஹாரன் கத்திக்கொண்டே இருந்தது. விட்டபோது அவன் மூக்கிலிருந்து சட்டை முழுக்க இரத்தம். தெருவில் நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

நான் கதறினேன். ரொசலி என் கையைப் பிடித்து அமுக்கினாள். அவள் முகத்தில் பயம் கூட இல்லை. மழை வருமா என்று பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

வந்து ஏறினான். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தான். ஒரு நீள முடி மோதிரத்தில் சிக்கியிருந்தது, அதை எடுத்து வெளியே ஊதினான்.

"ஐஸ்கிரீம் சாப்பிடலாமாக்கா?"

சாப்பிட்டேன். பிஸ்தா. கடைசித் துளி வரை சாப்பிட்டேன். அவ்வளவு பயம் எனக்கு. முத்தியால்பேட்டையில் ரவுடி மாமூல் கேட்டு வந்தபோது வெந்நீர்ச் சட்டியைத் தூக்கியவள் நான்.

ஆகஸ்ட் 11

ஒன்றுமே நடக்காதது போல இன்றைக்கும் ஊர் சுற்றக் கூட்டிப் போனான். ஊருக்கு மேலே மலைப்பாறையைக் குடைந்து கட்டிய சின்னக் கோவில். நம் ஊர் கெபி மாதிரியே, ஆனால் நிஜமான குகை. உள்ளே கறுத்த மரத்தில் செய்த மாதா சுரூபம், என்னைவிடக் கறுப்பு. பார்த்ததும் அழுகை வந்தது. பின்பக்கம் பாறையிலிருந்து ஊற்று கசிகிறது, தண்ணீர் பிடிக்கத் தொட்டி கட்டியிருக்கிறார்கள்.

சாவி வைத்திருப்பவள் மதாம் ஒதில். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு டிராக்டரில் வந்து இறங்கினாள். வாயில் சிகரெட். "படி வழுக்கும், கம்பியைப் பிடித்துக்கொள்" என்று என்னை அதட்டினாள். கான்வென்டில் படித்த பிரெஞ்சு அவ்வளவுக்கு உதவியது. செங்குத்தான படி, ஊற்றுத் தண்ணீர் கசிந்து பாசி பிடித்திருக்கிறது.

உள்சுவரில் ஆணி அடித்துத் துருப்பிடித்த சங்கிலிகளாகத் தொங்கவிட்டிருந்தார்கள். இது என்ன கோவிலில் மாட்டுச் சங்கிலி என்று கேட்டேன். அந்தக் காலத்தில் சிறையில் கிடந்தவர்கள் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு, விடுதலையானதும் தங்கள் விலங்கைக் கொண்டுவந்து மாட்டியதாம். மதாம் ஒதில் சொன்னதை ரொசலி எனக்குத் தமிழில் சொன்னாள். சொல்லி முடித்த பிறகும் அங்கேயே நின்றாள்.

"ரொசலி" என்று கூப்பிட்டான் அவன். மெதுவாகத்தான் கூப்பிட்டான்.

மாதா மோட்சத்துக்குப் போன திருநாளன்று சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஊரே மலையேறுமாம். சுரூபத்தைச் சுமக்கிற முன்தண்டைப் பிடிப்பது வருஷா வருஷம் இவன்தானாம். மதாம் ஒதில் அவன் முதுகைத் தட்டி, "எங்கள் தளபதி" என்றாள்.

ஆகஸ்ட் 13

உதடு கிழிந்திருக்கிறது. எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதுகிறேன்.

காலையில் கேட்டுவிட்டேன். அவள் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடு, என் தங்கையை நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அவன் காபி குடித்துக்கொண்டிருந்தான். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, புறங்கையால் வாயில் ஒன்று. நான் அலமாரியில் மோதி விழுந்தேன். பீங்கான் தட்டெல்லாம் என் மேல் கொட்டியது. ரொசலி குறுக்கே வந்தாள். பின்னலைக் கையில் சுற்றினான், அதே மாதிரி, முதல் நாள் நான் ஆசை என்று நினைத்த அதே மாதிரி. சுற்றி இழுத்து அவள் தலையை மேசை விளிம்பில் இறக்கினான். நான் பார்த்துக்கொண்டு தரையில் கிடந்தேன்.

"பதினேழாம் தேதி உங்களுக்கு பிளைட்டுக்கா" என்றான். மூச்சு கூட வாங்கவில்லை. "நீங்க போயிடுவீங்க. இவ இங்கதான இருப்பா. யோசிச்சுப் பேசுங்க."

அவன் வேட்டைக்குப் போன பிறகு, போலீசுக்குப் போவோம் வாடி என்று ரொசலியை இழுத்தேன்.

"ஒரு தடவ போனேன்கா. அவரோட வேட்டைக்குப் போற ஆளுங்கதான் அங்க. என்ன காயம், காட்டுன்னாங்க. கை காலு எல்லாம் பாத்தாங்க. ஒரு கீறல் இல்ல. எங்க அடிக்கணும்னு அவருக்குத் தெரியும்கா."

"அப்ப எங்கடி அடிக்கறான்?"

என் உதட்டுக்கு ஐஸ் வைத்தாள்.

அவனைக் கொல்ல வேண்டும். நான் எழுதுவது மாதாவுக்கும் தெரியட்டும்.

ஆகஸ்ட் 14

தட்டுகளைப் பெருக்கி அள்ளினேன். வெங்காயம் உரித்தேன். நாளைத் திருநாளுக்கு அவன் வெள்ளைச் சட்டையையும் மெடல் வைத்த கோட்டையும் ரொசலி இஸ்திரி போட்டாள். போட்டு முடித்து, இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, கத்தி கொண்டாந்தியே, இருக்கா?"

"இருக்கு."

"நாளைக்கு நேர்த்தியச் செலுத்திடலாம்."

ஆகஸ்ட் 15

 நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

அவன் மெடலெல்லாம் குத்திக்கொண்டு காலையிலேயே கீழே ஊர்க் கோவிலுக்குப் போய்விட்டான். நேற்றே சுரூபத்தை அங்கே இறக்கியிருந்தார்கள், பவனி அங்கிருந்துதான் புறப்படும். மேலே பூ ஜோடிக்கப் போகிறோம் என்று சொல்லி நாங்கள் முன்னாலேயே மலையேறினோம். மதாம் ஒதில் கதவைத் திறந்துவிட்டு வாளியோடு தோட்டத்துக்குப் போனாள்.

ஊற்றுத் தொட்டி விளிம்பில் ரொசலியை உட்கார வைத்தேன். பரலோக மந்திரம் சொன்னோம். பின்னலை மூன்று இடத்தில் வெட்டி மாதாவின் வெறும் பீடத்தில் வைத்தேன். மிச்சத்தைக் கத்தரித்து, தண்ணீரால் நனைத்து, சோப்பு நுரை போட்டு, நெற்றியிலிருந்து கத்தியை இழுத்தேன்.

முதல் இழுப்பிலேயே கத்தி எதிலோ தட்டியது. மேடாக ஒரு கோடு. பழைய காயம், நரம்பு போல வெளுத்துப்போய். அதற்குப் பக்கத்தில் ஒன்று. கத்தி நகர நகர வந்துகொண்டே இருந்தது. காதுக்கு மேலே பள்ளம், சுத்தியல் விழுந்த தகரம் மாதிரி. உச்சியில் வட்டம் வட்டமாகச் சுருங்கிய தோல், அது சிகரெட். பிடரியில் தானாகவே ஆறிய நீளமான வெட்டு. மேசையில் பட்டது இன்னும் ஈரமாக இருந்தது. முடியே முளைக்காமல் போன திட்டுகள் இருந்தன, அதன் மேல் பக்கத்து முடியை வாரி மறைத்து வைத்திருந்தாள். இத்தனை வருஷமும் அவள் தலைக்குள் வலிக்கவில்லை. தலைமேல்தான்.

"நிறுத்தாதக்கா" என்றாள் ரொசலி.

நான் அழுதுகொண்டே சிரைத்தேன். ஒரு கீறல் கூட என் கத்தியால் விழவில்லை. அதை மட்டும் பெருமையாகவே சொல்வேன்.

பாதியில் மதாம் ஒதில் உள்ளே வந்தாள். வாளியைப் போட்டுவிட்டு அப்படி ஒரு அலறல். என் கையைப் பிடித்துக் கத்தியைப் பிடுங்கப் பார்த்தாள். பிறகு ரொசலி சொல்லித்தான் காரணம் தெரிந்தது. உலகச் சண்டை முடிந்த வருஷம், ஜெர்மன்காரனோடு பழகினாள் என்று அவள் பெரியம்மாவை இந்த ஊர்ச் சதுக்கத்தில் நாற்காலியில் உட்கார வைத்து ஆம்பளைகள் கூடி மொட்டை அடித்தார்களாம். இங்கே பெண்ணுக்கு மொட்டை என்றால் தண்டனையாம். நான் ரொசலியைத் தண்டிக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

 ரொசலி தலையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். மதாம் ஒதில் பார்த்தாள். கிட்ட வந்து குனிந்து பார்த்தாள். "யார்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சிரைத்து முடித்துச் சந்தனத்தைக் குழைத்தேன். மொட்டைக்குச் சந்தனம் பூசாமல் எப்படி?

"வேணாம்கா" என்றாள். "காயம் மறைஞ்சுடும்."

அதற்குள் பாட்டுச் சத்தம் கேட்டது. பவனி ஏறி வந்தது. ரொசலி எழுந்து, தலையில் தண்ணீர் வழிய, வெயிலில் போய்ப் படி உச்சியில் நின்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில். மதாம் ஒதில் எங்களுக்குப் பின்னால்.

கீழேயிருந்து பார்த்தவர்களுக்கு முதலில் புரியவில்லை. பாட்டு முன்வரிசையில் நின்றது, பிறகு பின்வரிசையில். சாமியார் கையைத் தூக்கினார். சவரிராயன் முன்தண்டைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுப் படியேறி வந்தான். முகத்தில் அதே சிரிப்பு. ஏறிக்கொண்டே திரும்பிப் பார்த்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "என் மனைவிக்கு உடம்பு சரியில்லை. புற்றுநோய். சொல்ல வேண்டாம் என்று இருந்தோம்."

"எனக்கு நோய் இல்லை" என்றாள் ரொசலி பிரெஞ்சில். அவ்வளவு பெரிய குரல் அவளுக்கு உண்டென்று எனக்கே தெரியாது. "இதெல்லாம் இவர் செய்தது. கிட்ட வந்து பாருங்கள்."

அவன் கடைசிப் படிக்கு முந்தின படியில் இருந்தான். கை தன்னால் போனது, அவள் பிடரிக்கு, பின்னல் இருக்கிற இடத்துக்கு. பழக்கம். பிடித்து இழுக்கிற வேகத்தில் உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்துவிட்டான். பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. ஈரத் தலையில் அவன் விரல்கள் சர்ரென்று வழுக்கின. அவன் முகத்தில் சிரிப்பு போய் ஒரு திகைப்பு வந்ததே, அதைச் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒரு கால் பாசியில் இருந்தது. மறு கை கம்பிக்குப் போயிற்று.

படி வழுக்கும். விழுந்தான்.

ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு சத்தம் கேட்டது. சுரூபம் தூக்கியவர்கள் காலடியில் போய்க் கிடந்தான், மெடல் எல்லாம் சிதறி. இடது கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஓவென்று கத்தினான். கத்தத் தெரிகிறது அவனுக்கும்.

போலீசார் வந்தார்கள். அவனோடு வேட்டைக்குப் போகிறவர்கள் இல்லை, பக்கத்து டவுனிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தாள். ரொசலியை வெளிச்சத்தில் உட்கார வைத்து, தலையைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தாள். என்னிடம் கேட்டாள். படி வழுக்கும் என்றேன். மதாம் ஒதிலிடம் கேட்டாள். அவள் சிகரெட்டைப் பற்ற வைத்து, என் பக்கம் பார்க்காமல், "அந்தப் படி மோசமானது. நகராட்சியிடம் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன்" என்றாள்.

என் வலது தோள்பட்டை வலிக்கிறது. சிரைத்த களைப்பாக இருக்கும்.

ஆகஸ்ட் 16

மதாம் ஒதில் வீட்டில் தங்கியிருக்கிறோம். அவனுக்கு இடுப்பும் தொடையெலும்பும் முறிந்ததாம், காறையெலும்பு தனி. பிழைத்துக்கொள்வானாம். வழக்குப் போட்டாகிவிட்டது. துப்பாக்கி அலமாரியை உடைத்து ரொசலியின் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார்கள். டாக்டரம்மா அவள் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒன்றும் எழுதாமல் ரொம்ப நேரம்.

முயல்களுக்குத் தீனி வைக்க ஆளில்லை என்றேன். மதாம் ஒதில் போய்க் கூண்டோடு தூக்கி வந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 17

விமானம் என்னை விட்டுவிட்டுப் போயிற்று. போகட்டும்.

ஆகஸ்ட் 18

ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான். ரொசலி எடுத்துவிட்டாள்.  அவன் அழுவது எனக்கே கேட்டது. ரொசலி, என் கண்ணு, எனக்கு யாருமில்ல, வந்து ஒரு வாய் கஞ்சி கொடுத்துட்டுப் போ. இவள் கேட்டுக்கொண்டே நின்றாள். கண்ணில் தண்ணீர். அடிப்பாவி, போய்விடாதே, போய்விடாதே என்று மனசுக்குள் நான் செபமாலை உருட்டினேன். இருபத்திரண்டு வருஷம் அவனோடு படுத்து எழுந்தவள். அவளை நான் என்ன சொல்லித் தடுக்க?

"உங்க அக்கா, அந்தக் கெழவிதான் தள்ளுனான்னு சொல்லு" என்று அவன் குரல் ஏறியது. "போலீசுல சொல்லு. அவ கை பட்டுது. நான் பாத்தேன். சொல்லலன்னா எழுந்து வந்து..."

ரொசலி கண்ணைத் துடைத்தாள். "எல்லாரும் பாத்துக்கிட்டுதான் இருந்தாங்க" என்றாள். "படி வழுக்கிச்சுன்னுதான் சொல்றாங்க." போனை வைத்துவிட்டு முயலுக்குக் கேரட் நறுக்கப் போனாள்.

நான் கெழவியாம். ஐம்பத்து நாலு வயது கெழவியா?

ஆகஸ்ட் 20

கெபிக்கோவிலுக்குப் போய் வந்தோம். ரொசலி துணி கட்டிக்கொள்ளாமல் மொட்டைத் தலையோடு ஊர் நடுவே நடந்தாள். ரொட்டிக் கடைக்காரி வெளியே வந்து நின்றாள். அன்றைக்குத் தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஆட்களில் ஒருத்தன் தொப்பியைக் கழற்றினான்.

உள்ளே போனதும் ரொசலி நேராக அந்தச் சங்கிலிச் சுவரிடம் போனாள். கழுத்திலிருந்த தாலியைக் கழற்றினாள். எனக்குப் பகீரென்றது.

"தாலிய மட்டும் மாட்டுடி. சங்கிலிய வெச்சுக்கோ. நம்ம அம்மா போட்டது, தங்கமாச்சே!"

"அதுலதானக்கா கட்டியிருந்தாரு" என்றாள். துருப்பிடித்த விலங்குகளுக்கு நடுவே ஓர் ஆணியில் அப்படியே மாட்டினாள். பீடத்தில் மாதா வந்து நின்றிருந்தாள், காலடியில் பின்னல் இன்னும் கிடந்தது. எடுத்துப்போட யாருக்கும் மனசு வரவில்லை போல.

இறங்கும்போது நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ரொசலி எனக்கு முன்னால் இறங்கினாள். அந்த இடம் வந்ததும் நின்று திரும்பி என்னைப் பார்த்தாள். வெயில் அவள் தலையில் அடித்தது. முடி நெல் முளை மாதிரி எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது, காயம் இல்லாத இடங்களில்.

"அக்கா, நீதான?"

"என்னது?"

"உன் தோள் இன்னும் வலிக்குதுல்ல."

நான் அவளைத் தாண்டி ஒரு படி இறங்கி, அவளுக்குக் கை கொடுத்தேன்.

"படி வழுக்கும்டி" என்றேன். "பாத்து எறங்கு."